கிழக்கு வரிசையில் இரண்டு இருக்கைகள்

கில்லிங்டன்
19 ஏப்ரல் 2021, திங்கள்

நெவில்,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் உன் கூட்டாளி கென் ஊரெல்லாம் சொல்லி அது என் காதுக்கு வந்திருக்கும்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது என்பதால்தான் உனக்கு எப்போதும் எழுதுகிறேன். இன்று காலை அதையும் மறந்து இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். அவ்வளவு கோபம்.

நேற்று ராத்திரி செய்தியைக் கேட்டிருப்பாய். பணக்கார ஃபுட்பால் கிளப்புகளெல்லாம் சேர்ந்துகொண்டு தனி லீக் ஆரம்பிக்கிறார்களாம். நம் ஹாவர்பியும் அதில் ஒன்றாம். எத்தனை மேட்ச் தோற்றாலும் யாரும் கீழே இறங்க வேண்டாமாம், கடைசி வரைக்கும் அவர்கள் மட்டுமேயாம். பின்னே எதற்கு ஆடுவது? கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்று அந்த வருடம் கடைசி மேட்சில் கொட்டும் மழையில் நீயும் நானும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோமே, அதெல்லாம் இவர்களுக்குத் தொந்தரவாம்.

சொன்ன நேரத்தைக் கவனித்தாயா? ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் படுக்கப் போகும் சமயம். அதுவும் கொரோனா என்று மைதானத்தைப் பூட்டி ஒரு வருடமாகிறது. உள்ளே நாம் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு எழும்பியிருக்குமா? ஆள் இல்லாத வீடாகப் பார்த்துத்தான் புகுந்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு வரிசையில் வருடச் சந்தா கட்டும் நம் இரண்டு இருக்கைகளும் உன் பெயரில் இருக்கின்றன. விவாகரத்தின்போது வீடு எனக்கு, கார் உனக்கு என்று பிரித்தோம், நாயைக்கூட வாரம் மாற்றி வைத்துக்கொண்டோம். இருக்கைகளைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வக்கீலிடம் மூச்சு விடவில்லை. இரண்டாவது இருக்கை மனைவிக்குத்தான் என்பது கிளப் சட்டம். பிரிந்தது தெரிந்தால் என் இடத்தைப் பிடுங்கி, காத்திருக்கிறவர்களில் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால் ஒன்பது வருடமாக ஊருக்குத்தான் நாம் பிரிந்தவர்கள், மைதானத்துக்குள் இன்னும் புருஷன் பெண்டாட்டி.

எல்லாரும் தங்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ரசிகர் சங்கம் கேட்கிறது. கொடுத்துவிடு. இரண்டையும். உன் கையெழுத்து இல்லாமல் என்னுடையதை நான் விட முடியாது. நீ உன்னுடையதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னுடையதை மட்டும் விட்டுவிடுவாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் நீ.

லொரெய்ன்

•

ஹாவர்பி
22 ஏப்ரல் 2021

லொரெய்ன்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ விசாரிக்கவில்லை, நானே சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கென் வந்து கதவை இடித்தான். "ஊரே கேட்டுல நிக்குது, நீ இங்க உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கியா? எந்திரிடா!" போனேன். நீ பார்த்திருக்க வேண்டும். கேட்டு முழுக்கக் கிளப் கழுத்துத் துண்டுகளாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கத்து டீம்காரர்களும் வந்து நம்மோடு நின்றார்கள். அவர்களைப் பார்த்து நான் கெட்ட வார்த்தை சொல்லாத முதல் நாள் அதுதான். ஆனாலும் பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒரு கறுப்பு வேன் வந்தது. கிளப் முதலாளி உள்ளே இருக்கிறார் என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான், சுற்றி வளைத்துவிட்டோம். கென் கண்ணாடியைத் தட்டி, "யோவ், எறங்குய்யா! எங்கள எவ்வளவுக்கு வித்த?" என்றான். கண்ணாடி இறங்கியது. "அண்ணே, நான் பாய்லர் ரிப்பேருக்கு வந்தேண்ணே." "பாய்லர் மட்டும் யாரோடது? அவனோடதுதான? திரும்பிப் போய்யா!" அந்த ஆள் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். தோளில் நம் கிளப் சின்னம் பச்சை குத்தியிருக்கிறது. "நானும் நம்ம ஆளுதாண்ணே, வேலைய முடிச்சிட்டு வந்து நானும் கத்துறேன்" என்றார். சொன்னபடி வந்து கத்தினார். எங்கள் எல்லாரையும்விடப் பலமாக.

அன்று இரவே தனி லீக்கிலிருந்து விலகிவிட்டோம் என்று கிளப் அறிவித்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். பின்னே இருக்கையை எதற்கு விடுவது?

நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். செடிக் கடையில் உன்னை எவனோ டெஸ்மண்ட் என்பவனோடு பார்த்ததாகக் கென் சொல்கிறான். உர மூட்டையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தானாம். என் பக்கத்தில் உட்கார உனக்கு இனி இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. அதற்கு முதலாளிமார் தலையில் பழியைப் போடாதே.

நெவில்

•

கில்லிங்டன்
26 ஏப்ரல் 2021

நெவில்,

டெஸ்மண்ட் வேலி கட்டுகிறவர். வேலியைக் கட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து நீ "அடுத்த வாரம் கட்டிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வேலி. கென்னிடம் சொல்லிவிடு, அவன் தூக்கம் கெட வேண்டாம்.

ஜெயித்துவிட்டோமாம்! உன்னைப் போல ஆட்கள் இருக்கும்வரை அவர்களுக்கு என்ன கவலை? முதலாளி மன்னிப்புக் கேட்ட வீடியோவைப் பார்த்தாயா? நான் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு முறை பார்த்தேன். அந்த ஆளின் கண் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். "தவறு செய்துவிட்டேன், இனிமேல் நீங்கள் சொல்வதைக் கேட்பேன்" என்கிறார். எனக்கு அப்படியே நம் சமையலறை ஞாபகம் வந்தது. நீயும் இதையேதான் சொல்வாய், அப்போது உன் கண் டிவியில் இருக்கும்.

அவர்கள் விலகவில்லை நெவில், பதுங்கியிருக்கிறார்கள். மைதானம் திறக்கட்டும், நாமெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாம் எப்படியும் வந்துவிடுவோம் என்று தெரிந்துதானே இதைச் செய்யத் துணிந்தார்கள்? ஒரு முறையாவது வராமல் இருந்து காட்ட வேண்டும். எனக்கு மட்டும் அந்த இடம் பிடிக்காதா? அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். தனியாக விட எனக்குத் தைரியமில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

லொரெய்ன்

•

ஹாவர்பி
11 மே 2021

லொரெய்ன்,

கோபித்துக்கொள்ளாதே. உட்கார்ந்து படி.

இரண்டு இருக்கைகளையும் அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். கிளப்பிலிருந்து இரண்டு தடவை நினைவூட்டல் வந்தது. நான் விட்டால் மறுநாளே அந்த இடத்தில் வேறு எவனோ வந்து உட்கார்ந்துவிடுவான். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே காத்திருப்போர் வரிசையில் பெயர் எழுதி வைக்கிற ஊர் இது. ஒரு தடவை போனால் நம் ஆயுசுக்குள் திரும்பி வராது. அந்த முதலாளி இன்று இருப்பார், நாளைக்கு வேறு எவனுக்காவது விற்றுவிட்டுப் போவார். அவருக்காக நாம் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

உன் பங்கை இந்த வருடம் அனுப்ப வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் கேட்டைத் திறக்கிறார்கள். வருவாய்தானே?

நெவில்

•

கில்லிங்டன்
15 மே 2021

நெவில்,

என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டு அப்புறம் தகவல் சொல்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர்கள் நமக்குச் செய்ததும் இதேதான். உனக்கு உறைக்கிறதா என்று தெரியவில்லை.

என் இருக்கையை விட எனக்கிருந்தது ஒரே வழி. உண்மையைச் சொல்வது. நேற்றுக் கிளப்புக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள், நல்ல பெண். "அப்ப நீங்க மிசஸ் ஹார்டகர் இல்லீங்களா?" என்றாள். "ஒம்பது வருஷமா இல்லம்மா" என்றேன். அப்புறம் கேட்டாள், "அப்ப இத்தன வருஷம் அவர் பக்கத்துலயே வந்து உக்காந்தது?" "அதாம்மா எனக்கும் புரியல" என்றேன்.

போனை வைத்துவிட்டு அழுதேன். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன், இரக்கப்படுவதற்காக இல்லை.

லொரெய்ன் பிக்கிள்ஸ் (மறுபடி என் அப்பா பெயர்தான்)

•

ஹாவர்பி
2 ஜூன் 2021

லொரெய்ன்,

கிளப்பிலிருந்து ஓலை வந்தது. இத்தனை வருடம் பொய் சொன்னதற்கு நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய ரசிகர் என்பதால் என் இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்களாம். உன்னுடையது போய்விட்டது.

உனக்கு முதலாளியும் வேண்டாம், நானும் வேண்டாம். இரண்டையும் ஒரே போனில் முடித்துவிட்டாய். கெட்டிக்காரிதான். இனி எனக்கு எழுதாதே.

நெ. ஹார்டகர்

•

ஹாவர்பி
17 ஆகஸ்ட் 2021

லொரெய்ன்,

எழுதாதே என்று நான்தான் சொன்னேன். நீயும் எழுதவில்லை. சொன்ன பேச்சைக் கேட்க உனக்கு இந்த ஒரு தடவைதான் கிடைத்ததா?

சனிக்கிழமை முதல் மேட்ச். போனேன். வாசலில் ரசிகர் சங்கத்தார் பதாகை பிடித்து நின்றார்கள். நீ இருப்பாயோ என்று நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

உன் இடத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அன்றுதான் கடையில் வாங்கிய கிளப் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. வாய் தவறி, "இது என் வைஃப் சீட்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் பதறி எழுந்துவிட்டார். "ஐயோ சாரி சார், என் டிக்கெட்டுல இந்த நம்பர்தான் போட்டிருக்கு. பரவால்ல, அவங்க வர்ற வரைக்கும் நான் படியில நிக்கிறேன். வந்ததும் பேசிக்கலாம்." போய்ப் படியில் நின்றார். காவலாள் வந்து, "உக்காருய்யா, வழிய மறிக்காத" என்று சத்தம் போட்டார். "இவரு மிசஸ் வர்றாங்க, அதான்" என்று இவர் சமாதானம் சொல்கிறார். நான் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கோல் விழும்வரை அந்தப் புண்ணியவானை நிற்க வைத்துவிட்டேன்.

கோல் விழுந்ததும் எல்லாரும் குதித்தார்கள். நானும் குதித்து இடது பக்கம் திரும்பினேன், கையைப் பிடிக்க. காலி. அப்போதுதான் அவரைக் கூப்பிட்டேன். "உக்காருங்க தம்பி, அவ வரமாட்டா." "உடம்பு சரியில்லைங்களா சார்?" என்று கேட்டார். "இல்ல, நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

பாதி ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டேன். மேட்ச் முடியும் முன் நான் வெளியே வந்து நீ பார்த்ததுண்டா? எவ்வளவுக்கு முடிந்தது என்று இதுவரை நான் கேட்கவில்லை. கென் சொல்ல வந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன்.

நேற்றுக் கிளப்புக்குப் போன் செய்து என்னுடையதையும் விட்டுவிட்டேன். அதே பெண்தான் போலிருக்கிறது. காரணம் கேட்டாள். "ஓனர் மூஞ்சி பிடிக்கலன்னு எழுதிக்கம்மா" என்றேன். அது முழு உண்மையில்லை. உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாக நான் அங்கே போனது உன்னைப் பார்க்கத்தான். மேட்ச் பார்க்கவும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ இல்லாமல் அது வெறும் மேட்சாக இருக்கிறது.

உன்னைச் சந்தேகப்பட்டேன். முதலாளிமாரைச் சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் உர மூட்டை தூக்கியவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியவில்லை. மேட்ச் தொடங்கும் மூன்று மணிக்கு மற்ற மனிதர்கள் என்னதான் செய்கிறார்கள்?

நெவில்

•

கில்லிங்டன்
19 ஆகஸ்ட் 2021

நெவில்,

படித்தேன். ஒரு தடவை இல்லை. நம்பலாமா என்று இன்னும் தெரியவில்லை. உருக்கமாக எழுதிவிட்டுப் பாதி விலைக்கு வேறு டிக்கெட் தேடுகிற ஆள் நீ. அதுவும் எனக்குத் தெரியும்.

அதனால் இந்தச் சனிக்கிழமை வராதே. அன்று வெளியூர் மேட்ச், வருவதில் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதற்கடுத்த வாரம் இருபத்தெட்டாம் தேதி, ஆற்றுக்கு அந்தப்பக்கத்து டீமோடு ஹாவர்பியில் மேட்ச். அன்றைக்கு வா. சரியாக மூன்று மணிக்குக் கதவைத் தட்ட வேண்டும். மற்ற மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது, சேர்ந்து கண்டுபிடிப்போம்.

ஐந்தரைக்கு வந்தால் எங்கிருந்து வருகிறாய் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறக்க மாட்டேன்.

லொரெய்ன்