அண்ணன் சொல்லாத பெயர்

மார்ச் 3, 2025
எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கிறிஸ்டினா எழுதுகிறாள். செயற்கை நுண்ணறிவால் மக்களுக்கு என்ன கேடு என்று கேட்க நாடாளுமன்றக் குழு சென்னைக்கு வருகிறதாம், பேப்பரில் படித்தாள். குழுவில் எங்கள் எம்.பி. மோகன்ராஜும் இருக்கிறான்.
அவனா? அவனா விசாரிக்கிறவன்?
"எம் பேரக் குடும்மா. நான் போறேன்."

மார்ச் 4
என் அண்ணன் சவுரிமுத்து தாம்பரத்தில் எல்லாக் கட்சிக்கும் ஆட்டோவில் மைக் பிடித்தவன். எதிராளிக்குப் பேசினான் என்று, சண்முகம் ரோட்டில் அந்த மைக்கையே பிடுங்கி அவன் வாயில் அடித்தான் மோகன்ராஜ். முன்பல் இரண்டு போயின. அடித்தவன் போட்டிருந்தது வெளிர் மஞ்சள் சட்டை. அன்றிலிருந்து சாகும்வரை அண்ணன் அவன் பெயரைச் சொல்லவில்லை. "அந்தாளு" என்பான், அவ்வளவுதான்.
அண்ணன் போன பிறகு வந்த தேர்தலில் எங்கள் தெருவுக்குள் ஓர் ஆட்டோ வந்தது. அண்ணன் குரல்! "மோகன்ராஜ் அவர்களுக்கே வாக்களியுங்கள்!" மைக்செட் கடையில் மிஞ்சியிருந்த ஒரே கேசட்டை வாங்கி, கம்ப்யூட்டரில் செய்த குரலாம். கிறிஸ்டினா அதை என் போனில் பதிந்து வைத்தாள்.
செத்தவன் வாயில் அந்தப் பெயரைத் திணித்துவிட்டான்.

மார்ச் 9
விடமாட்டேன்.

மார்ச் 12
மோகன்ராஜின் ஆள் வந்தான். "பெர்சு, இன்னாத்துக்கு பேஜார் பண்ற? உங்க அண்ணனுக்கு மரியாததானே பண்ணாரு?"
"உங்காளு சாவட்டும். இதே மரியாதய நானும் பண்றேன்."
அவன் போனதும் கிறிஸ்டினா சிரித்தாள். "சாவுற வரைக்கும் எதுக்கு மாமா காத்துகினு? அவரு பேச்சுதான் யூட்யூப்ல கொட்டிக் கெடக்குதே."

மார்ச் 20
குழுவின் முன் உட்கார்ந்தேன். மோகன்ராஜ் சிரித்தான். "அது அஞ்சலி பெரியவரே. யாருக்கு என்ன நஷ்டம்?"
போனை அமுக்கினேன். அவன் குரலிலேயே சொன்னது: "சவுரிமுத்து வாயில மைக்கால அடிச்சவன் நான்தான்."
துள்ளி எழுந்தான். "நிறுத்துய்யா! அது என் குரலே இல்ல! என்னக் கேக்காம எவன் பண்ணது?"
"மெஷின்தான் பண்ணது. இப்ப இவரு கத்தினத எழுதிக்கங்கம்மா" என்றேன் குழுவின் தலைவர் அம்மாவிடம். "என் அண்ணன் இருந்தா இதயேதான் கத்தியிருப்பான்."
அவனை வெளியே இருக்கச் சொன்னார்கள். போகும்போது என்னைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன்.

ஜூன் 2
அறிக்கை வந்துவிட்டது. மோகன்ராஜ் குழுவில் இல்லை. குடும்பத்தைக் கேட்காமல் செத்தவர் குரலைச் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறார்களாம். குரல் செய்த கம்பெனி எல்லாவற்றையும் அழித்துவிட்டது — அந்த ஒரே கேசட்டையும் சேர்த்து.
"உங்க போன்ல கீற பெரிய மாமா கொரலயும் அழிச்சிடவா மாமா?"
போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 8
இதையும் எழுதும்மா. வீட்டில் ஆள் இல்லாதபோது போனைப் போடுகிறேன். "அன்பார்ந்த தாம்பரம் பெருமக்களே..." பல் போன இடத்தில் காற்று சீறுவதுகூட அப்படியே இருக்கிறது.
பெயர் வருவதற்குள் நிறுத்திவிடுவேன். கட்டைவிரல் பழகிவிட்டது.