மூன்று ஆடுகளுக்கான புல்

திமிரி
16-03-2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

ஸலாம். அம்மியும் நானும் நலம். போனில் உங்கள் குரல் கேட்டாலே எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

பக்ரீதுக்கு விற்க நாற்பது கிடாக்களை நம் நிலத்தில் விடப்போவதாக அம்மியிடம் சொன்னீர்களாம். வேண்டாம். அப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன அந்த நிலத்தை முள்வேலியால் நான்காகத் தடுத்து, மாற்றி மாற்றி ஒன்றில் மேய்த்து, மூன்றைப் புல் தழைக்க ஆறவிடுகிறேன். முன்பு எட்டு ஆடுகள் பட்டினி கிடந்த இடத்தில் இப்போது பதினைந்து மேய்கின்றன. நாற்பதை அது தாங்காது. கோடை வேறு.

நோன்பு வைத்துக்கொண்டு சந்தை சந்தையாக அலையாதீர்கள்.

அன்புத் தங்கை
புஷ்ரா

ஆம்பூர்
21-03-2025

புஷ்ரா,

நம்ம வூட்ல நீ ஒருத்திதான் டிகிரி. அதுக்குன்னு ஆட்டுக்கும் டைம்டேபிளா? மூணு பங்கு புல்லு சும்மா நிக்குது, தின்ன வுட மாட்டேன்றே. ரெண்டு மாசந்தான். வேலி முள்ளை ஆள் வந்து எடுத்துடுவான். ஜாஸ்தி யோசிக்காதே.

தபரேஸ்

திமிரி
09-06-2025

அன்புள்ள பாய்ஜானுக்கு,

பக்ரீத் சந்தையில் விலைபோகாத உங்கள் கிடாக்கள் திரும்பி வந்து சேர்ந்தன. "எலும்பு தெரியுற ஆட்டை குர்பானிக்கு எவன் வாங்குவான்? தபரேஸ் பாய் என்னைப் போட்டு ஏசுறாரு" என்றார் அவற்றை ஏற்றி வந்த டிரைவர் ஹஸன்.

மே மாதமே புல் தீர்ந்து, ஆடுகள் வேரைக் கிளறித் தின்றன. நான் ஒடித்துப் போட்ட தழை ஒரு வேளைக்குக்கூட வரவில்லை. என் ஆடுகளுக்குப் பால் வற்றி, குட்டிகள் செத்தன. மூன்று தாயாடுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிட்டேன். உங்கள் கிடாக்களை இந்த வாரமே கறிக்கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பெருநாளன்று அம்மி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புஷ்ரா

ஆம்பூர்
02-08-2025

புஷ்ரா,

அந்த நெலத்துல ஒரு புல்லு மொளைக்கல, நீயே பாக்குறே. தோலுக்கு உப்பு போட ஷெட் கட்டணும்னு தோல் யாவாரி அப்துல் கஃபார் வாடகைக்கு கேக்குறாரு. உன் கையெழுத்தும் வேணும். வெள்ளிக்கிழமை பேப்பரோட வர்றேன். பேஜார் பண்ணாதே.

தபரேஸ்

திமிரி
05-08-2025

பாய்ஜானுக்கு,

ஒரு புல்கூட முளைக்காத நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பங்கு புல் சும்மா நிற்கிறது என்று மார்ச்சில் எழுதியதும் நீங்கள்தான்.

உப்புத் தண்ணீர் இறங்கிய மண் என்ன ஆகும் என்று, தோல் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஆம்பூரில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடமாட்டேன். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது. வெள்ளிக்கிழமை நீங்கள் வரும்போது அம்மி வீட்டில் இருப்பார். நான் நிலத்தில் இருப்பேன்.

இரண்டு மழை பெய்தது. கிழக்கு மூலையை முள் வெட்டி அடைத்திருக்கிறேன். அருகம்புல் தலைகாட்டுகிறது. இன்னும் மழை கிடைத்தால் மூன்று ஆடுகளுக்கு வரும். இந்த வருடம் அவ்வளவுதான் அது தாங்கும்.

புஷ்ரா