அனுப்பியவர் இடத்தில் உன் பெயர்

அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் பேசுகிறவள் திடீரென்று ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், மெயிலில் சொன்னால் யார் பெயரில் வந்து சேருமோ என்று பயம். ஏன் இந்தப் பயம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, படியேறும்போது மட்டும் இந்தக் கட்டடத்தைக் கட்டியவரின் வம்சத்தையே திட்டுகிறார். துணி துவைக்கும் மெஷின் பழையபடி நடனம் ஆடுகிறது, கீழ்வீட்டம்மா இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நம் வக்கீல், டைப் வேலையை இனி வீட்டிலிருந்தே செய்யலாம், கட்டுக்கட்டாக வருகிற பேப்பர்களை மெயிலில் அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னார் அல்லவா. போன் திரையில் அந்த மனுக்களைப் படித்துக் கண் எரிந்துபோனது. அதனால் உன் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில், நீ வைத்திருந்த அந்த மெயில் புரோகிராமிலேயே என் கணக்கையும் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உன்னைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாய். கேட்கவில்லை, வீம்பு. உள்ளே வரும் சர்வர், வெளியே போகும் சர்வர் என்று என்னென்னவோ கேட்டது, எல்லாவற்றையும் நிரப்பினால் இணைக்க முடியவில்லை என்று சிவப்பு எழுத்தில் முகத்தில் அடித்தது. கடைசியில் பார்த்தால், முகவரியை முழுசாகப் போட வேண்டிய இடத்தில் பாதியை மட்டும் போட்டிருக்கிறேன். திருத்தியதும் வக்கீலின் மெயில்கள் மடமடவென்று வந்து இறங்கின. அவருக்குப் பதில் போட்டேன், சரியாகப் போய்ச் சேர்ந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, இதெல்லாம் ஒரு விஷயமா என்று பெருமையடித்துக்கொண்டேன்.

பெரியப்பா தவறிப்போனதிலிருந்து பெரியம்மா தினமும் சாயங்காலம் இங்கே வந்துவிடுவாள், உனக்குத் தெரியும். வந்ததும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள், உப்புப் போதாது என்பாள், ஜன்னல் திரையை இழுத்து விடுவாள், ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தபோது நடந்த கதைகளை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அப்பாவுக்கு அதெல்லாம் பிடிக்கும், ஊம் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு டைப் அடிக்கக் கிடைப்பதே அந்த நேரம்தான். ஒருநாள் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அடித்ததில் மனுவில் ஒரு பக்கமே விட்டுப்போய், வக்கீல் கடிந்துகொண்டார். அந்தக் கோபத்தோடு அவளுக்கு ஒரு மெயில் எழுதினேன். தினமும் வருவதைக் குறைத்துக்கொண்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு நல்லது, எல்லோரும் முகத்துக்காகச் சிரிக்கிறார்கள், அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா என்று நாலே வரி. மேலே அன்புள்ள அக்கா என்று எழுதப் போனேன். அதை எழுதினால் கீழே மற்றதை எழுதக் கை வராது என்று தெரிந்தே விட்டுவிட்டேன். கீழே பெயரும் போடவில்லை, அதுதான் தானாக வருமே என்று.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சொன்னால் எரிச்சல்படுவாய், எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, முழங்காலையும் பொருட்படுத்தாமல் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "நம்ம சின்னுவா இப்படி எழுதினா? அக்கா காட்டினாங்க, எனக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல" என்றார். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் கணக்கில் அனுப்பியவை என்ற இடத்தில் வக்கீலுக்குப் போட்ட பதில் மட்டும் இருந்தது. அந்த மெயில் நீ இப்போது திறந்தே பார்க்காத உன் பழைய கணக்கில் இருந்தது. பதில் போட்டால் வந்த கணக்கிலிருந்தே போகுமாம், புதிதாக எழுதினால் முதலில் இருந்த கணக்கின் பெயரில் போகுமாம், அது உன்னுடையது. என் நாலு வரிக்குக் கீழே உன் பெயர், அதற்குக் கீழே நீ படித்த துறை, அதற்கும் கீழே நீ எப்போதோ வைத்துவிட்டுப் போன சிரிக்கும் முகம் ஒன்று. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடம்பெல்லாம் கூசியது.

அப்போதே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், பெரியம்மா உன்மேல் எத்தனை நாள் கோபமாக இருந்துவிடப் போகிறாள், தானாக ஆறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் பிறந்தநாள் அன்று நீ கூப்பிட்டு, "ஏம்மா, பெரியம்மா எனக்கு வாழ்த்தே சொல்லல? வருஷா வருஷம் முதல்ல கூப்பிடுறது அவங்கதானே" என்று கேட்டாய். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். வாயில் அவ்வளவு சரளமாக வந்தது. நீ உடனே, டாக்டரிடம் காட்டினாளா, கூட யார் இருக்கிறார்கள் என்று பதறினாய். போனை வைத்த பிறகு குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பெற்ற பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட தாய் வேறு எங்காவது இருப்பாளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியிலேயே கண்ணாக இருந்தாள். வாசலில் நின்றபடியே, அதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் செய்த கோளாறையும் சொன்னேன், ஆனால் வார்த்தைகள் என்னுடையவைதான் என்றும் சொல்லிவிட்டேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நீதானாடி? அப்பாடா" என்றாள். "நீ எழுதினதுன்னா நான் தாங்கிக்குவேன். பாவாடை கட்டின காலத்துலேர்ந்து நாம பேசாத பேச்சா? அந்தப் பிள்ளை மனசுல நான் இப்படி இருக்கேனேன்னுதான் என்னால சோறு தின்ன முடியல" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவளைப் போய் சந்தேகப்பட்டேனே, இதை அவகிட்ட சொல்லித் தொலைக்காதே, எனக்கு வெட்கமா இருக்கு" என்று கையைப் பிடித்துக் கேட்டாள். வெட்கப்பட வேண்டியவள் எதிரே நிற்கிறேன், அவள் வெட்கப்படுகிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன், இந்த வாக்கையும் காப்பாற்றவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், பாத்திரத்தைத் திறக்கவில்லை, திரையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். என் அக்கா, என் வீட்டில், தண்ணீருக்கு அனுமதி கேட்கிறாள். அப்பாதான் எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தார். அரை மணி நேரத்தில், உனக்கு வேலை இருக்கும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, எனக்காகவும் பரிந்து பேசாதே. பழைய கதை ஏதாவது கேள், ஆஸ்பத்திரிக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை, குறுக்கே பேசாமல் கேள். என்மேல் கோபம் இருந்தால் என்னிடமே திட்டிவிடு, மனசில் வைத்துக்கொள்ளாதே. வக்கீல் வேலையை இனி மத்தியானத்தில் முடித்துவிடுவதாக இருக்கிறேன். இன்று சாயங்காலம் நானே அவள் வீட்டுக்குப் போகப்போகிறேன். கேட்காமல் உள்ளே நுழைந்து, அடுப்பில் இருப்பதைத் திறந்து பார்த்து, உப்புப் போதாது என்று சொல்லப்போகிறேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தால் பிழைத்தேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, பஸ்ஸில் தூங்கிவிடாதே. நீ நல்லபடியாக, நிறைவாக இருக்க வேண்டும், உன் பெயர் எங்கும் கெடாமல் விளங்க வேண்டும். கெடுத்தவளே வாழ்த்துகிறேன், ஏற்றுக்கொள். உன் பழைய கணக்கின் பாஸ்வேர்டை மறக்காமல் மாற்றிவிடு.

உன்னிடம் தலைகுனிந்து,
அம்மா