நீர் வடிந்தபின் சொன்ன விலை

சிவமயம்

உள்ளும் புறமுமாய் நின்று உயிர்களைக் காக்கும் பெருமானின் திருவடியை வணங்கி எழுதத் தொடங்குகிறேன்.

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மகன் ஹரிசங்கருக்கு,

அப்பா எழுதுவது. அவனருளால் அம்மாவும் நானும் குறையின்றி இருக்கிறோம். நீயும் மருமகள் ஷர்மினியும் டப்ளின் குளிரில் நோய்நொடி அணுகாமல் இருக்கிறீர்கள் என்று அறிந்தால் மனம் நிறையும். அம்மாவின் முழங்கால் வலி முன்னைவிடக் குறைந்திருக்கிறது. படிக்கட்டு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை மட்டும் அவள் இன்னும் செவியில் ஏற்றவில்லை. கோயிலில் இவ்வாண்டுப் புராண படனம் தொடங்கிவிட்டது. பாட்டை நான் வாசிக்க, பொருள் சொல்வதற்குப் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர் வருகிறார். குரல் அரை மணி நேரம் தாங்குகிறது, அதன்பின் சுக்கு நீர் வேண்டியிருக்கிறது.

படகின் விலையைத் தொலைபேசியில் சொன்னபோது, முப்பத்தோராயிரம் மலேசிய வெள்ளி என்று முதல்நாள் சொன்ன அப்பா மறுநாள் இருபத்தைந்தாயிரம் என்கிறாரே என்று நீ வியந்தாய். அம்மா அருகில் இருந்ததால் அப்போது விரித்துச் சொல்லவில்லை. பணம் உன்னுடையது, ஆகவே நடந்ததை முழுமையாக அறிய உனக்கு உரிமை உண்டு. என் பிழையும் அதில் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் தங்கை ரஜிதாவின் கணவன் கிஷன், தொழிற்சாலையில் அவனுடைய பிரிவு மூடப்பட்ட நாள்முதல் எத்தனை இடங்களுக்கு ஏறி இறங்கினான் என்பது உனக்குத் தெரியும். தூண்டில் போட வருவோரை வாடகைக்குக் கடலுக்கு அழைத்துச் செல்லும் தொழிலில் இறங்க அவன் துணிந்ததும், படகுக்கு நீ பணம் தருவதாக ஏற்றதும், விலையைப் பேசும் பொறுப்பை என்னிடம் விட்டதும் நல்லெண்ணத்தோடு செய்தவை. நிலவரி அலுவலகத்தில் முப்பது ஆண்டு பத்திரம் பார்த்தவன் நான், படகு பார்த்தவன் அல்லன். இதை அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் கரையில் கமாலுதீன் என்பவரின் படகு விலைக்கு வந்தது. இருபத்திரண்டு அடி நீளம், கண்ணாடி இழையால் செய்தது, பதினான்கு ஆண்டுப் பழையது. இயந்திரம் மட்டும் மூன்று ஆண்டுக்கு முன் மாற்றியது. அவர் முப்பத்து மூன்றாயிரம் கேட்டார். இதே இயந்திரம் புதிதாகக் கடையில் நாற்பத்திரண்டாயிரம் விற்கிறது, படகையும் சேர்த்து முப்பத்து மூன்றென்றால் நமக்கு ஆதாயந்தான், விரைந்து முடியுங்கள் என்று நீ சொன்னாய். எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு முறை படகில் ஏறிப் பார்த்தோம். பட்டறை வைத்திருக்கும் பழனியப்பனை அழைத்துச் சென்றோம். அவர் இயந்திரத்தைத் திறந்து பார்த்து, தொள்ளாயிரம் மணி நேரம் ஓடியிருக்கிறது, உப்பு அரிக்காமல் நன்னீர் விட்டுக் கழுவி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் ஓடிய இயந்திரம் ஓடிய இயந்திரம்தான், இயந்திரத்துக்கென்று இருபதாயிரத்துக்குமேல் ஒரு வெள்ளியும் கூட்டாதீர்கள் என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, கடை விலை மனத்தை விட்டு அகலவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. பத்தரைக்கு இராகு காலம் பிறக்கிறது. ஊரார்க்கெல்லாம் நல்ல நேரம் குறித்துக் கொடுப்பவன் தன் வீட்டுக் காரியத்தில் அதைத் தவறவிடலாமா என்று, வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டுடன் பத்து மணிக்கே துறைக்குப் போய்விட்டேன். கடல் அப்போதுதான் வற்றத் தொடங்கியிருந்தது. கமாலுதீன், அவசரம் வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் படகு சேற்றில் உட்காரும், அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றார். விற்பவரே சொல்கிறார். கிஷனும் காத்திருக்கலாம் மாமா என்று மெல்லச் சொன்னான். நான் கேட்கவில்லை. முதல்நாள் பேசிய முப்பத்தோராயிரத்தையே உறுதி செய்து, தட்டின்மேல் மூவாயிரம் வெள்ளியை வைத்து, இறைவன் சாட்சியாக வாக்குக் கொடுத்தேன். அப்போது மணி பத்தேகால்.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே நீர் வடிந்தது. இயந்திரம் தொங்கும் பின்பலகையின் கீழ்ப்பகுதி வெளியே தெரிந்தது. மேற்பகுதியில் புதிதாய்ச் சாயம் பூசியிருந்தது, கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு. கடல் இறங்கிய பிறகும் பழைய திருகாணித் துளைகளிலிருந்து நீர் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. கிஷன் சுத்தியலின் பிடியால் தட்டினான். ஓரத்தில் கணீரென்று ஒலித்தது, நடுவில் ஈரத் துணியைத் தட்டியதுபோல் அமுங்கிற்று. உள்ளே மரம் நைந்திருக்கிறது. முன்பிருந்த இயந்திரம் சிறியது, அதன் எடைக்கென்று அமைத்த பலகையில் அதைவிடப் பெரியதைத் தொங்கவிட்டு மூன்று ஆண்டு அலையில் ஓட்டியிருக்கிறார்கள். படகின் மதிப்பைக் கூட்டியது என்று நீயும் நானும் எண்ணிய அந்தப் புதிய இயந்திரமே அதன் முதுகை முறித்துக்கொண்டிருந்தது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகையில் அந்தப் பலகை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அவ்விடத்தில் என் நிலையை எண்ணிப் பார். தாம்பூலம் வைத்துச் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. விலை பேசியது பேசியதுதான், பழுது பார்க்கும் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறேன் என்று கிஷனிடம் சொன்னேன். அவன் சேற்றில் நின்றபடியே சுத்தியலைப் படகுக்குள் வைத்தான். பிறகு, "மாமா, வாக்கு உங்களோடது. கடலுக்குப் போறவன் நான்" என்றான். குரலை உயர்த்தவில்லை. மணமாகி ஒன்பது ஆண்டில் அவன் என்னிடம் எதிர்த்துச் சொன்ன முதற்சொல் அதுதான்.

கமாலுதீன் கேட்டுக்கொண்டிருந்தார். பலகை சற்று ஊறியிருக்கலாம் என்று ஐயம் இருந்ததாகவும், இவ்வளவு என்று தெரியாதென்றும், அதனால்தான் நீர் வடியட்டும் என்றதாகவும் சொன்னார். பின்பு அந்த மூவாயிரத்தை அப்படியே எடுத்து என் கையில் வைத்தார். "இந்தப் பணம் நடுவுல இருக்குற வரைக்கும் நீங்களும் சரியாப் பேச மாட்டீங்க, நானும் சரியாப் பேச மாட்டேன். வாங்கிக்குங்க ஐயா. தட்டு உங்களோடதுதான், நான் இன்னும் வெத்தலையை எடுக்கல. இப்ப படகைப் பாத்து ஒரு வெல சொல்லுங்க லா" என்றார். உண்மைதான், வெற்றிலை வைத்தபடியே இருந்தது.

அதன்பின்னரே எனக்குக் கணக்குத் தெளிந்தது. இயந்திரத்துக்குத் தாம் அன்று கொடுத்த முப்பத்தொன்பதாயிரத்தை மனத்தில் வைத்து அவர் கேட்டார். கடையில் இன்று விற்கும் விலையை வைத்து நாம் மகிழ்ந்தோம். இரண்டும் கண்முன் நின்ற இந்தப் படகின் விலை அல்ல. பழனியப்பன் சொன்ன இருபதாயிரம் இயந்திரத்துக்கு. உறுதியான பலகையோடு இந்த வயதுப் படகுகள் அதே துறையில் ஒன்பதாயிரத்துக்குக் கைமாறியிருக்கின்றன. பலகையை அறுத்தெடுத்துப் புதிதாக அமைக்க நாலாயிரத்து ஐந்நூறு ஆகும் என்று பக்கத்துப் படகு வேலைக்காரர் சொன்னார். ஆக இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு என்றேன். கமாலுதீன் நெடுநேரம் தாடியைத் தடவினார். நங்கூரம், கயிறு, எட்டு மிதவை அங்கி ஆகியவற்றையும் தருவதாகச் சொல்லி இருபத்தைந்தாக்குங்கள் என்றார். கிஷன் அங்கிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தலையசைத்தான். நான் ஏற்று, அந்த மூவாயிரத்தை மீண்டும் தட்டில் வைத்தேன். அவர் வெற்றிலையை எடுக்குமுன், "ஐயா, இப்ப நேரம் எப்படி?" என்று சிரியாமல் கேட்டார். மணி பதினொன்று இருபது. இராகு காலத்தின் நடுப்பகுதி. நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஜும்ஆத் தொழுகைக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்.

மகனே, நேரம் பார்ப்பதை நான் விட்டுவிடப் போவதில்லை. நல்ல நேரத்தை வகுத்தவனே கடலின் ஏற்ற இறக்கத்தையும் வகுத்தான், அவற்றில் ஒன்றை மட்டும் மதித்தேன் என்பதே என் குறை. அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

இனி நீ செய்ய வேண்டியது: மீதம் இருபத்திரண்டாயிரத்தைக் கிஷன் பெயருக்கே அனுப்பு, எனக்கு வேண்டாம். பதிவுப் பத்திரத்திலும் இயந்திரத்திலும் உள்ள எண்கள் ஒத்திருக்கின்றனவா என்பதை நான் பார்த்துவிட்டேன், அது எனக்குத் தெரிந்த வேலை. பலகைச் செலவை நான் தருவதாகச் சொன்னதில் மாற்றமில்லை, இதில் நீ வாதிடாதே. வேலை முடிய ஒரு மாதம் ஆகும், அதுவரை கிஷன் அப்படகில் கால் வைப்பதில்லை என்று ரஜிதாவிடம் உறுதி சொல்லியிருக்கிறான். நீரில் இறக்கும் நாளைக் குறித்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள். கடலேற்றம் பார்த்து மூன்று நாள்களை முதலில் அவன் எழுதித் தரட்டும், அவற்றுள் ஒன்றை நான் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வேளைக்கு உண், மருமகளின் இருமலுக்கு மிளகுக் கசாயம் கொடு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் குறையாத செல்வமும் தெளிந்த அறிவும் பெற்று, அவன் திருவருள் நிழலில் என்றும் இனிது வாழ்க.

அன்பும் ஆசியும் நிறைந்த
அப்பா,
சி. பரமநாதன்