ஆலப்பாக்கத்தில் அப்பா நின்ற இடம்

கடலூர் முதுநகர்,
சனிக்கிழமை மாலை.

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தம்பி ஜெகனும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் பதில் வரும், அதனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே குளிர் தொடங்கிவிட்டதா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் சொல்லப்போவதைப் போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் அழுது வைத்துவிடுவாய், நானும் வைத்துவிடுவேன். வாய் திறந்து பேசத் தெரியாதவள் நான் என்று உங்கள் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். எழுதினால் முழுதாகச் சொல்லி முடிப்பேன். நீயும் முழுதாகப் படி.

போன மாதம் நீ அனுப்பிய செய்தியில், ஹாலந்தில், இந்த ஐந்தோவன் ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள், ஒரு வருஷமாக நடந்தே போய் அலுத்துவிட்டது, மறுபடியும் ஓட்டலாம் என்றிருக்கிறேன், தூரம் பார்க்கப் போனில் ஆப் வைக்கட்டுமா, ஹேண்டிலில் மாட்டுகிற தனி ஜிபிஎஸ் கருவி வாங்கட்டுமா, அப்பா இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, கருவி வாங்கினால் ஓட்டும்போது போனை அணைத்தே வைத்துவிடலாம் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. சிதம்பரம் நூலகத்தில் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கினேன். நீ கேட்டது எந்தக் கருவி நல்லது என்பது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று முதலில் அப்பாவோடு சைக்கிள் ஓட்டும் வதூது மாமாவிடம் போனேன். அவருக்கு இன்னும் முழங்கால் வலி, கடையில் நாற்காலி போட்டுத்தான் உட்காருகிறார், ஆனால் சைக்கிளைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார். மகன் உசாமா துபாயிலிருந்து வாங்கி வந்த அந்தக் கருவியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெயிலில் எழுத்து தெரியும், மழையில் நனையலாம், இரண்டு நாளைக்குச் சார்ஜ் நிற்கும், கையுறையோடு அழுத்தலாம், ரிங் அடிக்காது என்று வரிசையாகச் சொல்லி வந்தவர் ரிங் அடிக்காது என்றதும் நிறுத்திவிட்டார். அவரும் அப்பாவும் இதை வைத்து எத்தனை வருஷம் சண்டை போட்டார்கள், உனக்கு நினைவிருக்கும். "மச்சான், போன ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு ஓட்டுறதும் பொண்டாட்டிய முன்னாடி உக்கார வச்சி ஓட்டுறதும் ஒண்ணு, ரோட்ட பாக்கவே உடாது" என்பார் மாமா. அப்பா விடமாட்டார். "ஒன் பொட்டி தூரத்த காட்டும், எம் பொண்ண காட்டுமாடா?" என்பார். ஓட்டி முடித்ததும் ஆப் வழியாக அன்றைய ஓட்டம் உனக்கு வந்துவிடும், நீ அங்கிருந்து லைக் போடுவாய், அதைக் காட்டிக்காட்டித்தான் சனிக்கிழமைகளில் சைக்கிளிலேயே சிதம்பரம் வந்து என்னோடு இட்லியும் கொத்சும் சாப்பிடுவார். கொத்சு ஆறிப்போகும். அரை நாள் வேலை முடித்து வந்த எனக்குப் பசி உயிர் போகும், அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடக்கத்தன்று நம் வீட்டு வாசலில் மாமா சொன்னதை நீ கேட்டுவிட்டாய். அந்த போன் மட்டும் அன்றைக்கு அடிக்காமல் இருந்திருந்தால் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கூட ஓட்டப் போகவில்லையே என்கிற வேதனையில் பேசினார். அது உன் அழைப்பு என்று அவருக்கு அப்போது தெரியாது. கடைசியாக வந்த அழைப்பு யாருடையது என்று போலீஸ்காரர் அணைந்து கிடந்த போனைப் போட்டுப் பார்த்துப் பெயரைப் படித்தபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். அன்றிலிருந்து நீ ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாய். வேலை உறுதியான சந்தோஷத்தில் நேரம் பார்க்காமல் கூப்பிட்டேன், ஓட்டிக்கிட்டே பேசாதப்பா என்றேன், நின்னுட்டேம்மா நின்னுட்டேன் என்றார், ஆனால் காத்துச் சத்தமும் லாரிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது, பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் பேசினேனே என்றாய். உன்னைச் சமாதானப்படுத்த அப்பா வழக்கமாகச் சொல்லும் பொய் அது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் நான் அப்போது பதில் சொல்லவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆப் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாததால், திட்டக்குடியிலிருந்து லீவுக்கு வந்த ஜெகனைக் கேட்டேன். அவன் அப்பாவின் போனை எடுத்துத் தரச் சொன்னான். போலீஸ் கொடுத்த கவரோடு அது பீரோவில்தான் கிடந்தது. கண்ணாடியை மாற்றிச் சார்ஜ் போட்டதும் உயிர் வந்துவிட்டது. ஆப்பைத் திறந்தால், அன்றைய ஓட்டம் அப்படியே நிற்கிறது. கீழே விழுந்து போன் அணைந்தபோது அவர் ஓட்டத்தை முடிக்கவில்லை அல்லவா, தொடர்வதா முடிப்பதா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு ஒரு வருஷமாகக் காத்திருக்கிறது. முடித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும் என்றான் ஜெகன். அவன் கை போகவில்லை. நீயே அழுத்தும்மா என்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். நான் மாதா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் அப்பா தொடங்கிய ஒன்றை நான் முடித்து வைப்பதா என்று நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

நெட் போடாததால் ஊர் பேர் எதுவும் வரவில்லை, வெறும் கோடு மட்டும் தெரிந்தது. அந்தக் கோட்டை அடையாளம் காண எனக்குப் பேர் தேவையில்லை. நம் தெருவிலிருந்து சிப்காட் வழியாகத் தெற்கே போகிற சாலை, இத்தனை வருஷம் பஸ் ஜன்னலில் பார்த்த வளைவுகள். கீழே வேகத்துக்கு ஒரு வரைபடம் இருந்தது. நம் குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவள், அதுவும் கணக்கில் வாங்கியவள், ஒரு நாளாவது அது உதவட்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஏறி இறங்கி வந்த வேகம் ஓர் இடத்தில் சுழியத்துக்கு இறங்கி அப்படியே படுத்திருக்கிறது. அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். உன் அழைப்பு வந்த நிமிடமும் அதுவும் ஒன்று. நீ பேசி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அது எழவில்லை. அப்புறம் எழுந்து, எப்போதும் போல ஓடி, புதுச்சத்திரம் தாண்டித்தான் கோடு முடிகிறது. ஜெகன் தூரத்தைக் கணக்குப் பார்த்து, அப்பா நின்றது ஆலப்பாக்கம் என்றான். விபத்துக்குப் போலீஸ் எழுதிய நேரம் தோராயம் என்பதால் அதையும் உன் அழைப்பையும் ஒப்பிட்டு நாம் யாரும் பார்க்கவில்லை.

ஜெனி, அப்பா பொய் சொல்லவில்லை. நின்றுவிட்டுத்தான் உன்னோடு பேசினார்.

இத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் நீ வைத்த பிறகும் எதற்காக நின்றார் என்பது என் மனதை அரித்தது. நெஞ்சு வலித்ததா, தலை சுற்றியதா, யாரிடமும் சொல்லாமல் ஏறி ஓட்டினாரா? திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில், முன்பின் தெரியாத ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே குரல் எழும்பாத நான், ஒவ்வொரு கடையாக உங்கள் அப்பா போட்டோவைக் காட்டிக் கேட்டேன். புளியமரத்தடியில் இளநீர் விற்கிற தில்லையம்மாள் என்கிற அம்மா போட்டோவை வாங்கி முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு, தெரியாமலா என்றார். சனிக்கிழமைதோறும் அவரிடம்தான் குடிப்பாராம். "பஸ்ஸுக்குக் காசில்லியா சாரு, இந்த மிதி மிதிக்கிறியேன்னு கேப்பேன். கவுருமெண்டு ஒங்களுக்குத்தான் ஃப்ரீ பஸ்சு உட்டுருக்குது, ஆம்பளைங்க மிதிச்சிதான் போவணும்னுவாரு" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம்தான் நான் யார் என்று கேட்டார். சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். அப்பா வராமல் போனது ஏன் என்று அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

அப்பா கடைசியாக வந்த நாள் அந்த அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "போன் வந்துச்சி, சைக்கிள மரத்துல சாத்திட்டு அந்த பெஞ்சில உக்காந்துதாம்மா பேசுனாரு. வச்சிட்டு, எம் பொண்ணுக்கு ஹாலந்துல வேல நெலச்சிடுச்சி, அது பேருல இன்னோண்ணு வெட்டுன்னாரு. வெட்டிக் குடுத்தேன். நீயும் ஒண்ணு குடின்னாரு. நான் விக்கிறவ, நான் எங்க குடிக்கிறதுன்னேன். உடல, என்னியும் குடிக்க வச்சிட்டுதான் போனாரு." அந்தக் கொஞ்ச நேரம் இதுதான் ஜெனி. உன் பேரில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த பெஞ்சு சாலையை ஒட்டியே கிடக்கிறது. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் போன லாரிகளின் சத்தத்தில் அந்த அம்மா பேசியது பாதி கேட்கவில்லை. உனக்குக் கேட்ட காற்றும் லாரியும் அதுதான். எனக்கும் ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று நூலகத்துக்குத் தாமதமாகப் போனேன், காரணம் கேட்டதற்கு வீட்டு வேலை என்றேன்.

புதுச்சத்திரத்துக்கு அப்பால் அந்த லோடு வேன் பின்னாலிருந்து வந்து இடித்தபோது அவர் கையில் போனும் இல்லை, காதில் உன் குரலும் இல்லை. வேனை ஓட்டியவனின் கேஸ் நடக்கிறது, நடக்கட்டும். அதில் உன் பங்கு எதுவும் இல்லை. இதை வதூது மாமாவிடமும் சொன்னேன். கடையை மூடிவிட்டு வந்து நம் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அல்லா என்னை மன்னிக்கணும், பாப்பா என்னை மன்னிக்கணும் என்று மட்டும் சொன்னார். நீ ஒரு வார்த்தை அவரிடம் பேசு.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அங்கே மழையும் குளிரும் ஜாஸ்தி, கையுறை போட வேண்டும், போன் குளிரில் சீக்கிரம் செத்துவிடும் என்கிறாய். அதற்காகத் தனிக் கருவி வாங்குவதென்றால் தாராளமாக வாங்கு. மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கண் சாலையில் இருக்கும். காசைச் சேர்த்துக்கொண்டு பிறகு வாங்கலாம், இப்போதைக்கு ஆப் போதும் என்று தோன்றினால் அதுவும் சரி, போனைப் பைக்குள் போட்டுக்கொள், அடித்தால் ஓரமாக நின்று எடு, அப்பா எடுத்த மாதிரி. ஆனால் போனுக்குப் பயந்துகொண்டு மட்டும் கருவி வாங்காதே. எதை வாங்கினாலும் தலைக்கவசமும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் முதலில் வாங்கு.

வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆண்டு நினைவுத் திருப்பலி. முடிந்ததும் கல்லறைக்குப் போய், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்ததும் வருவோம். இந்தக் கடிதம் அதற்குள் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன பிறகுதான் அப்பாவின் போனில் நெட்டைப் போடுவேன். போட்டால் அந்தக் கடைசி ஓட்டம் வழக்கம்போல உனக்கு வந்துவிடுமாம். என்ன பேர் வைப்பது என்று ஆப் கேட்டது, அதுவாகக் காட்டிய 'காலை ஓட்டம்' என்பதையே விட்டுவிட்டேன். கோட்டில் ஆலப்பாக்கம் எங்கே என்று நீயே பார்த்துக்கொள். பார்த்துவிட்டு, அவர் எதிர்பார்ப்பார், லைக் போட்டுவிடு.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிறேன். மாதா உன்னைக் கைபிடித்துக் கூட்டிப் போவாள். நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொன்று. இந்த ஒரு வருஷமாக நீ யாரையும் கேட்காமல் கூப்பிடுவதே இல்லை, எங்கே இருக்கிறாய், உட்கார்ந்திருக்கிறாயா, பேசலாமா என்று செய்தி அனுப்பிப் பதில் வந்த பிறகுதான் கூப்பிடுகிறாய். நானும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் கேட்க வேண்டாம் ஜெனி. சந்தோஷம் வந்தால், வந்த நிமிடமே அடி.

உன் அழைப்புக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா,
பாத்திமா மேரி சந்தியாகு.