செமினாரும் நாற்றங்காலும்

ஆவணி 12, வெள்ளி

இன்று நாற்றங்காலில் விதை விட்டோம். எங்கள் வீட்டில் முதல் கை விதையைப் பேத்தி கவிதாதான் வீச வேண்டும். ராசியான கை. ஆனால் அவளுக்கு இன்று கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் செமினார். வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டுமாம், மார்க்கு உண்டாம். காலை டவுன் பஸ்ஸை விட்டால் போச்சு. முளை கட்டிய விதையும் நாளை வரை தாங்காது.

"அது இன்னாடி, வெதைய வுட பெரிய செமினாரு?" என்று கத்தினேன்.

செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆயா, அது லத்தீன் வார்த்தையிலர்ந்து வந்துதாம். அந்தக் காலத்துல நாத்தங்காலுக்குத்தான் அந்தப் பேராம். அப்பறந்தான் படிக்கிற எடத்துக்குப் போய்க்கிது."

"அப்ப ரெண்டு எடத்துலயும் வெதச்சிட்டு வா."

சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, கிழக்கே பார்த்து ஒரு கை வீசினாள். கால் கழுவ நேரமில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள். பிள்ளையை அந்தக் கோலத்தில் அனுப்பிவிட்டேனே என்று பகலெல்லாம் எனக்கு மனசே கேட்கவில்லை.

சாயங்காலம் வந்து சொன்னாள்: "சேத்தப் பாத்து எல்லாம் சிரிச்சாங்க ஆயா. 'நாத்தங்கால்லர்ந்து நேரா செமினாருக்கு வரேன், ரெண்டும் ஒண்ணுதான்'னு ஆரம்பிச்சேன். கைதட்டு தாங்கல."

நான் படித்தது அஞ்சாவது. பேத்தி கைதட்டு வாங்கியதைப் பக்கத்து வீட்டில் மட்டும்தான் சொன்னேன். எதிர் வீட்டிலும்.

வெளியே தூறுகிறது. வலுத்தால் விதை ஒரு பக்கமாய் ஒதுங்கிவிடும். ஒதுங்கட்டும். அவள் வீசியது முளைக்காமலா போகும்.