வாயைக் கட்டச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குத் தூங்குகிறாயா? நாங்கள் எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் முறைக்காகப் பொய் எழுத இன்றைக்கு எனக்கு மனசில்லை. அப்பா நலம். நான் கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

மூன்றாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வருவாய், உன் வகுப்பு டீச்சர் இவனுக்குக் கவனமே இல்லை என்று உன்னைச் சுவரோரம் நிற்கவைத்தாள். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்த அன்று வழியெல்லாம் கடைப் பலகைகளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாய். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, ஏம்மா, நான் இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பார்த்திருந்தா போர்டு தெரிஞ்சிருக்குமா என்று கேட்டாய். இல்லடா கண்ணு, இது உன் தப்பே இல்லை, கண்ணோட அமைப்பு அப்படி என்றேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படி ஒரு அழுகை அழுதாய். அந்தப் பிள்ளையா போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அறையில் அப்படிப் பேசியது?

என்ன பேசினாய் என்பது உனக்கு மறந்திருக்கும், பேசினவனுக்கு எப்போதும் மறந்துவிடும், எனவே நானே எழுதுகிறேன். உன் மனைவிக்குச் சர்க்கரை வந்து வருஷக்கணக்காகிறது. மாத்திரை போய் இன்சுலின் ஊசி வந்தது, ஊசி அளவு ஏற ஏற உடம்பு எடை ஏறியது, எடை ஏற ஏற ஊசி அளவும் ஏறியது, நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. கடைசியில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னாள். எல்லாரும் சேர்ந்து கேட்டு முடிவெடுப்போம் என்று உன்னையும் வீடியோ போனில் கூப்பிட்டு, போனை அவள் மேஜையில் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தோம். நீ என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் வாயைக் கட்டத் தெரியாதவங்க தேடுற குறுக்குவழி டாக்டர், தினமும் நடந்து, ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும், கத்தி எதுக்கு என்றாய். அதைச் சொல்லும்போது உன் கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தது மகனே. நீ அதை மொறுமொறுவென்று மென்றது அறை முழுக்கக் கேட்டது. சாப்பாட்டு அளவு சொல்லிக் கொடுக்கிற பெண் சிரிப்பை அடக்க முடியாமல், கையிலிருந்த பேனாவையே மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். உன் மனைவி சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் சொல்றதும் சரிதான் டாக்டர், அப்புறம் பார்த்துக்கலாம் என்று எழுந்து போய்விட்டாள்.

நான் போகவில்லை. வாத்தியார் வேலை பார்த்தவள் ஆயிற்றே, கேள்வி கேட்டே அந்த டாக்டரம்மாவின் தொண்டையை வற்ற வைத்தேன். நீ கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்டேன், பதிலையும் கேட்டுக்கொள். இரைப்பையைச் சின்னதாக்கி, சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போகும்படி வழியை மாற்றுவார்களாம். அதனால் குடலிலிருந்து உடம்புக்குப் போகிற சேதி மாறுகிறது, இன்சுலின் சொல்கிற பேச்சை உடம்பு கேட்க ஆரம்பிக்கிறது, எடை குறைவதற்கு முன்னாலேயே பலருக்குச் சர்க்கரை இறங்குகிறதாம். பள்ளிக்கூடத்து மணி கண்ட நேரத்தில் அடித்தால் பிள்ளைகள் கண்ட நேரத்தில்தான் எழுந்து ஓடும். பிள்ளைகளை அடித்து என்ன பிரயோஜனம், மணியைத்தானே பார்க்க வேண்டும்? பசியும் அப்படி ஒரு மணிதான். ஆபத்தே இல்லை என்று அவள் சொல்லவில்லை. தையல் கசியலாம், ரத்தம் போகலாம், சிலருக்குச் சில வருஷம் கழித்துச் சர்க்கரை திரும்பி வரலாம், ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரையும் பரிசோதனையும் உண்டு, குழந்தை சாப்பிடுகிற அளவுதான் ஒரு வேளைக்கு. சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஏற்கெனவே பழுதான கண்ணுக்குத் தொந்தரவு வரலாம் என்பதால் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு. இதில் குறுக்குவழி எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டு. பயமா இருக்கும்மா என்று நீ சொல்லியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து பயந்திருப்பேன். நீ அவளைப் பழித்தாய்.

சர்க்கரை தன் கண்ணைக் கெடுத்திருப்பதை உன் மனைவி உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிற வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். கண்ணெதிரே தட்டில் கிடந்த திருகாணியை விரலால் தடவித் தடவித் தேடியிருக்கிறாள், முதலாளி பார்த்துவிட்டு, நீங்க இனிமே பில் போடுங்கம்மா என்று தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். தெருவுக்கே பார்வை சரிபண்ணிக் கொடுத்தவள் கல்லாவில் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிறாள். போன பார்வை முழுசாகத் திரும்புமா தெரியாது, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

இன்னொன்றையும் கேள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பசியில்லை அத்தை என்பாள். முந்தாநாள் ஊசியைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போய், கடையிலேயே வேர்த்து விறுவிறுத்துச் சுருண்டு விழுந்திருக்கிறாள். முதலாளி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி, வண்டி வைத்துக் கொண்டுவந்து விட்டார். நீ சொன்ன மாதிரியே வாயைக் கட்டிப் பார்த்தாள், திருப்தியா? அப்பா அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டு, உன் பிள்ளை லட்சணத்தைப் பார் என்றார். நீ பரிசு வாங்கினால் அவர் பிள்ளை, இப்படிப் பேசினால் என் பிள்ளை. சரி, என் பிள்ளை என்றே வைத்துக்கொள்கிறேன், அதனால்தான் திட்டுகிற உரிமையும் எனக்கு.

மாசக் கடைசி வரை அவளுக்கு இடம் வைத்திருப்பதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள், அதற்குப் பிறகு அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும். நானும் அப்பாவும் கூடப் போவோம், கூட இருப்போம், அதற்கு உன் தயவு தேவையில்லை. ஆனால் அவள் கிளம்பமாட்டேன் என்கிறாள். நேற்றுத் துணி மடித்துக்கொண்டே, பிழைச்சு வந்தாலும் அவர் கண்ணுக்கு நான் வாயைக் கட்டத் தெரியாதவதானே அத்தை என்றாள். பேசியது நீ, அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் உன்னால்தான் முடியும். மாமியார் மருமகளுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். லீவு கிடைத்தால் புறப்பட்டு வா, கிடைக்காவிட்டால் அவளுக்குப் போன் பண்ணு, கையில் பாக்கெட் இல்லாமல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ரொம்பக் காலம் சாப்பிட வேண்டும். திட்டினாலும் அதுதான் என் ஆசீர்வாதம். உன் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, உன் அப்பா வழியிலும் சர்க்கரை உண்டு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா

பின்குறிப்பு: உன் மூக்கின்மேல் இருக்கிற கண்ணாடி அவள் கையால் மாட்டிக் கொடுத்தது. அதைக் கழற்றி வை. இந்தக் கடிதத்தை எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முதல் வரியைப் படி. தெரியாவிட்டால், இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பார்.